பதினாறு வயதை அளப்பது யார்?

குற்றவியலையும் உளவியலையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. நாற்காலிதான் இன்னும் போடப்படவில்லை.

கொலை போன்ற கொடுங்குற்றம் ஒன்றில் 16 வயது நிரம்பிய, 18 வயது ஆகாத ஒரு பையன் சிக்கினால், அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவார்கள். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்திருப்பார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 15-ஆவது பிரிவில் அவர்களிடம் மூன்று கேள்விகளுக்கு விடை கேட்கிறது. இப்படி ஒரு குற்றத்தைச் செய்வதற்கான உடல் வலுவும் மனத் திறனும் இவனுக்கு இருந்தனவா? செய்தால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்ததா? எந்தச் சூழ்நிலையில் இது நடந்ததாகச் சொல்லப்படுகிறது? மூன்று மாதத்துக்குள் விடை வேண்டும். அந்த விடையைப் பொறுத்து, வழக்கு குழுமத்திலேயே நடந்து அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தோடு முடியலாம். அல்லது, பெரியவர்களை விசாரிப்பதுபோல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய், நீண்ட சிறைத் தண்டனைவரை நீளலாம்.

முதல் இரண்டு கேள்விகள் உளவியலுக்குரியவை. வளரிளம் பருவத்தில் மூளை எப்படி முதிர்கிறது, கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போது பதினாறு வயதுக்காரன் ஏன் வேறு மாதிரி முடிவெடுக்கிறான், புத்திக்கூர்மைக்கும் பக்குவத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் தெரிந்தவரால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். மூன்றாவது கேள்வி குற்றவியலுக்குரியது. அவன் வளர்ந்த தெரு, பள்ளியை விட்டு நின்ற காலம், வீட்டில் நடந்த அடிதடி, சேர்க்கை, கைக்கு ஆயுதம் வந்த வழி என்று எல்லாவற்றையும் திரட்டிப் பொருள் சொல்லத் தெரிய வேண்டும். சட்டம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. நம் பல்கலைக்கழகங்களோ பெரும்பாலும் இவற்றைத் தனித்தனித் துறைகளில் வைத்துத்தான் சொல்லித் தருகின்றன.

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் இன்று ‘கிரிமினல் சைக்காலஜி படிக்க வேண்டும்’ என்று ஆசையோடு சொல்கிறார்கள். தொடர் கொலைகாரனைத் துரத்தும் சினிமாவும் வெப் தொடர்களும் அந்த ஆசையை விதைத்திருக்கலாம். ஆசை எங்கிருந்து வந்தாலும் வரவேற்போம். ஆனால் இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் உண்மையான தேவை இருப்பது கூர்நோக்கு இல்லங்களிலும், சிறைகளிலும், குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றங்களிலும். அங்கே ஆள் இல்லை. இரண்டு துறைகளையும் சேர்த்துப் படித்த ஒரு தலைமுறை நமக்கு ஏன் வேண்டும், அவர்கள் எங்கே படிக்கலாம், அவர்களுக்காக அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஒரு வழக்கு, இரண்டு பாடங்கள்

2017 செப்டம்பரில் டெல்லியை அடுத்த குருகிராமில், ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் ஏழு வயது மாணவன் கழுத்தறுபட்டு இறந்துபோனான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகக் காவல்துறை சொன்னது. தொலைக்காட்சிகளும் அதையே திரும்பத் திரும்பக் காட்டின. நாடே அவரைக் கொலைகாரர் என்று நம்பியது. பிறகு சி.பி.ஐ. விசாரணையை எடுத்துக்கொண்டது. நடத்துநருக்கு எதிராக எதுவும் இல்லை என்றது. அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன்மீது குற்றம் சாட்டியது. சில மாதங்களில் நடத்துநரை நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது.

செய்யாத கொலையை ஒருவர் ஏன் செய்ததாகச் சொல்கிறார்? விசாரணை அறையில் அச்சம், தூக்கமின்மை, அடி, ‘ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்கள்’ என்ற நப்பாசை எல்லாம் சேர்ந்து மனித மனத்தை என்ன செய்யும் என்பது உளவியலில் நன்கு ஆராயப்பட்ட பகுதி. கைதாகிறவர் ஏழையாகவும் கேட்க நாதியற்றவராகவும் இருக்கும்போது காவல்துறையும் ஊடகமும் ஊரும் அவ்வளவு விரைவில் திருப்தி அடைந்துவிடுவது ஏன் என்பது குற்றவியலின் கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த நடத்துநருக்கு நடந்தது முழுதாகப் புரியும்.

அந்த வழக்கின் இரண்டாவது பாடம் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. மாணவனின் மனத் திறனை மதிப்பிட்ட முறை சரியா என்பதே அங்கே கேள்வி. குற்றத்தின் விளைவைப் புரிந்துகொள்வதென்றால் அந்த நேரத்து உடனடி விளைவை மட்டும் பார்த்தால் போதாது. பாதிக்கப்பட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும், தனக்கும் தன் குடும்பத்துக்கும், பின்னாளில் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. உளவியலாளர்களின் உதவியைக் குழுமம் ‘பெறலாம்’ என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்கிறவர் யாரும் இல்லாவிட்டால், அந்த உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று தீர்ப்பு உறுதிசெய்தது. அதைத் தொடர்ந்து 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழுமமாவது இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். அத்தனை இடத்திலும் இந்த மதிப்பீட்டைப் பொறுப்போடு செய்துதர, பயிற்சி பெற்றவர்கள் தேவை. அவர்களை எங்கே உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்?

பிறவிக் குற்றவாளி என்ற பொய்

இரண்டு துறைகளும் பிரிந்து நின்றபோது என்ன நடந்தது என்பதற்கு வரலாறு சாட்சி. 1876-இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ ‘குற்றவாளி மனிதன்’ என்ற நூலை வெளியிட்டார். வில்லெல்லா என்ற கொள்ளைக்காரனின் மண்டையோட்டில் ஒரு பள்ளத்தைக் கண்டு, குற்றவாளி பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறான் என்று அவர் முடிவுகட்டினார். தாடை, காது, நெற்றி என்று அளந்து குற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவியது. தனி மனிதனின் உடலையும் உள்ளத்தையும் மட்டும் உற்றுப் பார்த்து, அவனைச் சுற்றியிருந்த பசியையும் அநீதியையும் பார்க்கத் தவறிய பார்வை அது.

நம் மண்ணில் அதே எண்ணம் சட்டமாகவே இருந்தது. 1871-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்ததே குற்றத்துக்குச் சான்றாயிற்று. குறிப்பிட்ட சாதிகளில் பிறந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. குற்றவியல் படிக்கிற தமிழ் மாணவர் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டிய வரலாறு இது. யாரைக் குற்றவாளி என்று அழைப்பது என்பதை அதிகாரமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று கிடைக்காது.

லொம்ப்ரோசோவுக்கு மறுப்பு சிக்காகோ நகரத்திலிருந்து வந்தது. கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள், வழக்கில் சிக்கிய சிறுவர்களின் முகவரிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். நகரின் சில பகுதிகளில் குற்ற விகிதம் எப்போதும் அதிகமாகவே இருந்தது. அங்கே குடியிருந்த இனக் குழுவினர் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கூட்டம் வெளியேறி வேறொரு கூட்டம் வந்தாலும் விகிதம் குறையவில்லை. நல்ல இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளிடம் அது குறைந்தது. 1942-இல் நூலாக வந்த இந்த ஆய்வு, இரத்தத்தில் தேடியதை இடத்தில் தேடச் சொன்னது.

ஆனால் இடம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடுமா? ஒரே தெருவில், ஒரே வறுமையில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவன் சிறைக்கும் இன்னொருவன் கல்லூரிக்கும் போகிறான். இந்தக் கேள்விக்கு விடை தேட 1961-இல் தென் லண்டனில் ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கியது. டொனால்ட் வெஸ்ட் தொடங்கி, டேவிட் ஃபாரிங்டன் முன்னெடுத்த, கேம்பிரிட்ஜ் ஆய்வு எனப்படும் அது, எட்டு ஒன்பது வயதுச் சிறுவர்கள் 411 பேரை அவர்களது நடுவயதுவரை பின்தொடர்ந்தது. அவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே மொத்தத் தண்டனைகளில் பாதிக்கு மேல் பெற்றவர்கள் என்று தெரியவந்தது. அவர்களது சிறு வயதில் வீட்டின் வறுமை, பெரிய குடும்பம், கண்காணிப்பில்லாத வளர்ப்பு, தண்டனை பெற்ற பெற்றோர் ஆகியவற்றோடு, பொறுமையின்றிச் சட்டென்று செயல்படும் இயல்பும் படிப்பில் பின்தங்கலும் சேர்ந்தே காணப்பட்டன. வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒருவரே படிக்க வேண்டியதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் இந்த ஆய்வைக் காட்டலாம்.

வகுப்பறையில் நடப்பது என்ன?

இரண்டு பாடங்களையும் சேர்த்து எடுக்கும் மாணவர், உளவியல் பக்கத்தில் நினைவாற்றல், வளர்ச்சி, ஆளுமை, மனநோய், குழு நடத்தை, புள்ளியியல் என்று படிப்பார். குற்றவியல் பக்கத்தில் குற்றக் கோட்பாடுகள், தண்டனையின் தத்துவம், காவல்துறை, சிறை நிர்வாகம், இளஞ்சிறார் நீதி, பாதிக்கப்பட்டோரியல் என்று படிப்பார். பாடங்களின் பட்டியலைக் காட்டிலும், இரண்டும் சந்திக்கும் இடங்கள்தான் இந்தப் படிப்பின் உயிர்.

நேரில் கண்ட சாட்சியை எடுத்துக்கொள்வோம். ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்பதற்கு மேல் சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறோம். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதிக்கொண்டபோது’ என்று கேட்டவர்களிடம் சராசரியாக மணிக்கு சுமார் 41 மைல் என்ற விடை வந்தது. ‘இடித்துக்கொண்டபோது’ என்று கேட்டவர்களிடம் 34 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. முதல் சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். விசாரிப்பவரின் ஒரு வினைச்சொல், சாட்சியின் நினைவுக்குள்ளேயே புகுந்து அதைத் திருத்திவிடுகிறது.

இதன் விலை என்னவென்று அமெரிக்காவின் ரொனால்ட் காட்டனுக்குத் தெரியும். 1984-இல் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி, புகைப்படங்களிலும் பிறகு நேரடி அணிவகுப்பிலும் காட்டனை அடையாளம் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னார். பத்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்த காட்டனை 1995-இல் டி.என்.ஏ. சோதனை விடுவித்தது. உண்மையான குற்றவாளி வேறொருவன். அவனை முன்பு நீதிமன்றத்தில் நேருக்கு நேர் பார்த்தபோதும் அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்மீது இரக்கமும், அவரது நினைவைப் பற்றிய அறிவியல் எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் ஒருவருக்குள் இருக்க முடியும் என்பதை இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது. இருக்கவும் வேண்டும்.

சினிமா மிகவும் விரும்பும் பகுதி, குற்றவாளியின் மனச் சித்திரம் வரைவது. அதில் சாதனையும் உண்டு, சறுக்கலும் உண்டு. 1986-இல் லண்டன் இரயில் பாதைகளை ஒட்டிப் பெண்களைத் தாக்கியும் கொன்றும் வந்தவனைத் தேடும் பணியில், உளவியல் பேராசிரியர் டேவிட் கேன்டர் குற்றம் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவன் எங்கே குடியிருப்பான், எப்படிப்பட்டவன் என்று கணித்தார். பிடிபட்ட ஜான் டஃபிக்குப் பல கணிப்புகள் பொருந்தின. ஆறே ஆண்டுகள் கழித்து, விம்பிள்டன் காமனில் ரேச்சல் நிக்கல் என்ற இளம் தாய் கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளரின் மனச் சித்திரத்தை நம்பிய காவல்துறை, காலின் ஸ்டாக் என்பவரைக் குறிவைத்து, ஒரு பெண் காவலரை மாறுவேடத்தில் பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தது. 1994-இல் நீதிபதி அந்த முறையைக் கடுமையாகக் கண்டித்து வழக்கையே நிராகரித்தார். கொன்றவன் ராபர்ட் நேப்பர் என்பது 2008-இல்தான் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. குற்றவியலின் ஆதார ஒழுங்கைக் கைவிட்ட உளவியல் எவ்வளவு ஆபத்தானது என்பதை மாணவர்கள் இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது உணர்கிறார்கள்.

மன அறிவியலுக்குச் சட்டம் போடும் எல்லைகளையும் அங்கேதான் படிப்பார்கள். நார்கோ பரிசோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒருவர் சம்மதமின்றி அவர்மீது நடத்தக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனத்தைத் திறந்து பார்க்கக் கருவி இருக்கிறது என்பதாலேயே திறக்கும் உரிமை வந்துவிடாது என்ற அறமும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி.

பதினாறு வயதுப் பையனிடம் திரும்புவோம். 1993-இல் டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர், சட்டத்தை மீறும் பதின்ம வயதினரை இரண்டு வகையாகப் பிரித்தார். மிகப் பெரும்பாலோர் அந்த வயதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சிறு பகுதியினர்தான் குழந்தைப் பருவத்தில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறார்கள். 2005-இல் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவர் சக ஆய்வாளரும் நடத்திய சோதனையில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில், நண்பர்கள் கூட இருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்துகள் வெகுவாகக் கூடின; பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தானாகவே கடந்துவிடக்கூடிய ஒரு பருவத்தில் நிற்கும் பையனை, வாழ்நாள் குற்றவாளிகளோடு ஒரே கொட்டடியில் அடைத்தால் நாமே அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களாவோம். இதைத் தெரிந்தவர் எழுதும் மதிப்பீட்டு அறிக்கைக்கும் தெரியாதவர் எழுதுவதற்கும் நடுவே ஒரு வாழ்க்கை கிடக்கிறது.

சேப்பாக்கமும் நெல்லையும்

இந்தத் துறைக்குத் தமிழ்நாடு புதிதல்ல. 1920-இல் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். 1925-இல் இளம் குற்றவாளிகளைத் திருத்துவதற்கான போர்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936-இல் நன்னடத்தைச் சட்டமும் இங்கே வந்தன; நாட்டுக்கான நன்னடத்தைச் சட்டம் வர 1958 ஆயிற்று. இந்தியக் குற்றவியல் கழகம் 1970-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று குற்றத்தைப் பார்க்கும் பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் வளர்த்த முன்னோடிகளில் ஒருவர், அந்தத் துறையின் பேராசிரியராக இருந்து, பின்னர் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தரான கே. சொக்கலிங்கம்.

நெல்லைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர், 2007-இல் சைபர் குற்றவியலுக்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். நேரில் அடங்கி ஒடுங்கி இருக்கும் ஒருவர் இணையவெளிக்குள் போனதும் வேறு ஆளாக நடந்துகொள்வது ஏன், அங்கே கற்றது திரும்ப நிஜ உலகுக்குள் எப்படி வருகிறது என்று விளக்க முயலும் ‘வெளி மாற்றக் கோட்பாடு’ அவருடையது. முகம் மறைப்பதால் வரும் துணிச்சல் உளவியல். அந்தத் துணிச்சல் குற்றமாகும் வழி குற்றவியல். இரண்டும் இணையும் ஒரு சிந்தனை பிறந்த ஊர்களில் நம் நெல்லையும் ஒன்று என்பதில் நாம் பெருமைப்படலாம்.

எங்கே, எப்படிப் படிப்பது?

பிரிட்டனில் ‘குற்றவியலும் உளவியலும்’ என்று ஒரே இளங்கலைப் பட்டமாகப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. அங்கே போக நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அந்தப் பட்டத்துக்குப் பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? இருந்தால் பிறகு உளவியலாளராகும் பாதை நேராகத் திறக்கும். தடய உளவியலாளர் என்ற பெயரே அங்கே சட்டப் பாதுகாப்புள்ளது; பட்டமேற்படிப்பும், மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சியும் முடித்துப் பதிவு பெற்றவர் மட்டுமே அதைப் போட்டுக்கொள்ள முடியும். விளம்பரக் கையேட்டில் ‘தடய’, ‘குற்ற’ என்ற சொற்களைப் பார்த்து மயங்கிப் பெரும் பணத்தைக் கட்டிவிடக் கூடாது.

நம் நாட்டில் சேர்ந்த பட்டம் அரிது; சேர்த்துக்கொள்ளும் வழிகள் உண்டு. இளங்கலையில் உளவியல் படித்து முதுகலையில் குற்றவியலுக்கு வரலாம், மாறியும் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லையிலும் குற்றவியல் முதுகலை இருக்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியல், நீதிக்கென ஒரு மையமே இருக்கிறது. அந்த நிறுவனம் 1990-இல் தொடங்கிய ‘பிரயாஸ்’ திட்டம், சிறையிலிருப்போரோடும் விடுதலையானவர்களோடும் நேரடியாக வேலை செய்கிறது. குஜராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், தடய உளவியல் படிப்புகள் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி தந்துவிட்டது; வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது என்பது நிபந்தனை.

இங்கே ஓர் எச்சரிக்கை. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து மானியக் குழு தடை விதித்திருக்கிறது. ‘தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி போட்டுக்கொள்ளலாம்’ என்ற பழைய ஆலோசனையை இனி நம்ப வேண்டாம். அதேபோல, மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். வெறும் முதுகலையை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் போடுவது சட்டவிரோதம். அந்தப் பாதையில் போக நினைப்பவர், எந்தப் படிப்பைக் குழுமம் அங்கீகரித்திருக்கிறது என்று சேரும் ஆண்டிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு தேவைப்படாத பணிகளும் ஏராளம்: நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர், ஆய்வாளர். இவற்றுக்கு எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதைப் பழைய தேர்வாணைய அறிவிக்கைகளில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப முதுகலையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

வேலை எங்கே இருக்கிறது?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. தேவை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளராவது வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு வகுத்த அளவு. அந்தக் கணக்கில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் தேவை. 2025-இல் வெளிவந்த இந்திய நீதி அறிக்கை, நாட்டுச் சிறைகள் அனைத்துக்குமாக உளவியலாளரும் மனநல மருத்துவரும் சேர்ந்து 25 பேர்தான் இருப்பதாகச் சொல்கிறது. ஏறத்தாழ 23,000 பேருக்கு ஒருவர். சிறைக்குள் தற்கொலையும், போதை நின்றதால் வரும் உடல் நடுக்கமும், முதல் முறை உள்ளே வந்தவனின் மிரட்சியும் இந்த 25 பேரின் கைக்குள் அடங்குமா?

மரண தண்டனை வழக்குகளிலும் இதே பற்றாக்குறை. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை விதிப்பதா என்று முடிவெடுக்குமுன், குற்றவாளியின் மனநல, உளவியல் மதிப்பீட்டோடு அவரது குடும்பப் பின்னணி, கல்வி, வறுமை, சிறையில் நடத்தை எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்றது. உயிர் போகும் முடிவில் உளவியலும் குற்றவியலும் ஒரே கோப்பில் வர வேண்டும் என்பதே இதன் பொருள். அந்தக் கோப்பை எழுதத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போக்சோ நீதிமன்றங்களில் நிற்கும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது. சாட்சியம் சொல்லும்போது இடையிடையே ஓய்வு தர வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்றெல்லாம் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கறையோடு எழுதியிருக்கிறது. குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபரை அதன்கீழ் வந்த விதிகள் வகுத்திருக்கின்றன. கேள்வியில் ஒரு சொல் மாறினால் நினைவு மாறும் என்று லாஃப்டஸ் காட்டியதும், பாதிக்கப்பட்டவரை நீதிமன்றமே மறுபடி காயப்படுத்தக் கூடாது என்று பாதிக்கப்பட்டோரியல் சொல்வதும் இங்கேதான் கைகோக்கின்றன. இரண்டையும் படித்த ஒருவர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் இருந்தால் நீதி, குழந்தை இரண்டுமே பிழைக்கும்.

யார் படிக்கலாம்?

இரத்தமும் மர்மமும் தரும் பரபரப்புக்காக வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே சலித்துப்போவார்கள். இந்தப் படிப்பில் புள்ளியியல் நிறைய உண்டு. அறிக்கை எழுதுவது இன்னும் நிறைய. வெறுக்கத்தக்க செயலைச் செய்தவரோடும் மரியாதையாகப் பேசத் தெரிய வேண்டும். ஒருவரைப் புரிந்துகொள்வது அவரை மன்னிப்பதாகாது என்ற தெளிவு வேண்டும். தன் வீட்டிலேயே வன்முறையைக் கண்டு வளர்ந்தவர்கள் இந்தத் துறைக்கு வருவது உண்டு. அவர்களது அனுபவம் பெரிய பலம். ஆனால் பிறரது காயத்தைக் கேட்கும் முன் தன் காயத்துக்குச் சிகிச்சை தேடிக்கொள்வதும், வேலையில் சேர்ந்தபின் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் இருப்பதும் கட்டாயம். ‘பெண் பிள்ளையைச் சிறைக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புவதா?’ என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம்: மகளிர் சிறையிலும், போக்சோ வழக்கிலும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் உங்கள் மகள்தான் முதலில் தேவைப்படுகிறவர்.

அரசு செய்ய வேண்டியது

மாணவர்களின் ஆர்வம் மட்டும் போதாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் குற்றவியலையும் உளவியலையும் ஒரே இளங்கலையாக இணைத்து நடத்தலாம். இரண்டு துறைகளிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வு மரபும் இருக்கிறது. வேலூரில் தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் கழகத்தோடும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையோடும், கூர்நோக்கு இல்லங்களோடும் ஒப்பந்தம் செய்துகொண்டால் மாணவர்களுக்குக் களப் பயிற்சி கிடைக்கும். ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்துக்கும், ஒவ்வொரு மத்தியச் சிறைக்கும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுக்கு ஒருவர் வந்து போனால், கைதிக்கும் சிறுவனுக்கும் நம்பிக்கை வருவதற்குள் முகம் மாறிவிடும்.

சட்டம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டது. உச்ச நீதிமன்றம் விடை சொல்லத் தெரிந்தவரை அழைத்தே ஆக வேண்டும் என்று சொல்லியும் ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அழைப்புக்கு எழுந்து நிற்கக்கூடிய பிள்ளைகள் இன்று ப்ளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர்ந்த படிப்பைத் தருவது பல்கலைக்கழகங்களின் கடமை. படித்து வந்தவர்களுக்குப் பணியிடம் தருவது அரசின் கடமை. இவை இரண்டும் நடக்காதவரை, பதினாறு வயதுப் பையன்களின் எதிர்காலம் அரைகுறை அறிக்கைகளின் மேல்தான் தீர்மானிக்கப்படும். அதை நீதி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.